கண்ணாடி நெகட்டிவ்களும் முகம் தெரியாத துப்பறிவாளர்களும்

நியூயார்க்கில் ஜார்ஜ் கிரந்தாம் பெய்ன் என்பவர் ஒரு செய்திப்பட நிறுவனம் நடத்தினார். பத்திரிகைகளுக்குப் படம் விற்பதுதான் தொழில். 1910-களில் அவசரகதியில் எடுத்த அந்தப் படங்கள் கண்ணாடி நெகட்டிவ்களில் பதிந்தவை. படத்தில் இருப்பது யார் என்பதை ஊழியர் யாராவது அந்தக் கண்ணாடியிலேயே எழுதிவைப்பார். பல படங்களில் வெறும் குடும்பப்பெயர்தான். சிலவற்றில் ஓர் ஊர்ப்பெயரும் இருக்கும். மறுநாள் பத்திரிகைக்கு அது தாராளம். நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

அவற்றில் சுமார் 40,000 நெகட்டிவ்கள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. நூலகப் பட்டியலில் இந்தப் படங்களைத் தேடி எடுத்தால் ஒரு குறிப்பு கண்ணில் படும்: தலைப்பு, பெய்ன் நிறுவனம் தந்த சரிபார்க்கப்படாத விவரத்திலிருந்து எடுக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று, தனக்கு உறுதியாகத் தெரியாததைக் கூச்சமில்லாமல் அப்படியே எழுதிவைத்திருக்கிறது. பின்னால் நடந்த அத்தனைக்கும் வித்து இந்த ஒரு வரிதான் என்பது என் எண்ணம்.

அவர்களே சரிபார்த்திருக்கலாமே? அந்த நூலகத்தின் படப் பிரிவில் அப்போது இருந்த ஓவிய அச்சுகளும் ஒளிப்படங்களும் சுமார் 1.4 கோடி. ஒருவர் படத்துக்கு ஒரு நிமிடம் வீதம், நாளுக்கு எட்டு மணி நேரம், விடுமுறையே எடுக்காமல் பார்த்தால்கூட முடிக்க 80 ஆண்டு ஆகும். பெயர் தெரியாத ஒரு முகத்தை அடையாளம் காண ஒரு நிமிடம் எந்த மூலைக்கு?

2008 ஜனவரி 16 அன்று அந்த நூலகர்கள் சுமார் 3,100 படங்களோடு ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்துக்குள் நுழைந்தார்கள். பாதி பெய்ன் படங்கள். மீதி, 1930-களின் கடைசியிலும் போர்க்காலத்திலும் அரசு எடுத்த வண்ணப் படங்கள். எல்லாமே நூலகத்தின் சொந்த இணையதளத்தில் முன்பே இருந்தவை. ஆனால் அங்கே தேடி வருபவர் தேவை இருந்து வருபவர். ஃப்ளிக்கரில் அப்போதே 200 கோடிப் படங்கள் சேர்ந்திருந்தன. படம் பார்ப்பதையே பொழுதாகக் கொண்டவர்கள் அங்கே குடியிருந்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் இந்தக் கணக்குக்குக் கிடைத்த பார்வைகள் 11 லட்சம்.

நுழைவதற்கு முன்பே ஒரு முட்டுக்கட்டை. ஃப்ளிக்கரில் அப்போது படம் ஏற்றுபவர் உரிமையாளராக இருக்க வேண்டியிருந்தது. உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாரா, மற்றவருக்கு விட்டுத்தருகிறாரா என்று சொல்ல வேண்டியிருந்தது. நூலகமோ உரிமையாளர் அல்ல, காப்பாளர். ‘இது யாருக்கும் சொந்தமில்லை’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது. எங்கோ ஒரு வாரிசு இருக்கலாம். எனவே புதிதாக ஒரு முத்திரை பிறந்தது: அறிந்த வரையில் பதிப்புரிமைக் கட்டுப்பாடு ஏதுமில்லை. ‘அறிந்த வரையில்’ என்பதில்தான் சூட்சுமம். பொய்யும் இல்லை, பூட்டும் இல்லை. பின்னாளில் ‘ஃப்ளிக்கர் காமன்ஸ்’ என்ற பொதுவெளிக்குள் வந்த அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் இதே முத்திரையோடுதான் வந்தன. அந்த 2008 ஏப்ரலிலேயே சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகம் வந்துவிட்டது.

அடுத்து, குறிச்சொற்கள்: படத்தைத் தேடி எடுக்க உதவும் சிறு ஒட்டுச்சீட்டுகள். பார்ப்பவர் எவரும் ஒட்டலாம். ஒரு படத்துக்கு 75 வரை இடமுண்டு. நூலகர்கள் பொருள் தலைப்பு கொடுக்கும் முறையோ இதற்கு நேரெதிர். எந்தச் சொல்லை எந்தப் பொருளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு நூறாண்டு கடந்த விதிப்பட்டியலே அவர்களிடம் உண்டு. டென்னசி மாநில ஆலையில், போர்விமானம் ஒன்றில் துளையிடும் பெண்ணை 1943-இல் ஆல்ஃபிரட் பால்மர் எடுத்த படம் இந்தத் தொகுப்பில் பேர்போனது. அதன் தலைப்பு அவள் கையில் என்ன கருவி, எந்த ஆலை, எந்த விமானம் என்றெல்லாம் சொல்லும். பார்த்தவர்கள் ஒட்டியதோ ‘ரோசி த ரிவெட்டர்’ என்று. போர்க்காலத்தில் ஆலைக்குப் போன அமெரிக்கப் பெண்களுக்கெல்லாம் பொதுவாக அமைந்த செல்லப்பெயர் அது. ஒரு பள்ளி மாணவி தேடுவதும் அந்தப் பெயரைத்தான். 2008 அக்டோபருக்குள் ஒட்டப்பட்ட குறிச்சொற்கள் 67,176.

ஆனால் உண்மையான விருந்து கருத்துப் பகுதியில் நடந்தது. சிலர் தங்களைத் துப்பறிவாளர்களாகவே ஆக்கிக்கொண்டார்கள். பழைய பத்திரிகைகளின் மின்பிரதிகளில் அந்தக் குடும்பப்பெயரைத் தேடி, நிகழ்ச்சியின் நாளைப் பிடித்து, செய்தியின் இணைப்பையும் கருத்தோடு சேர்த்து இட்டார்கள். பேஸ்பால் பித்தர்கள் சட்டையின் வெட்டையும் அணி எழுத்தையும் வைத்தே ஆண்டைச் சொன்னார்கள். கட்டடம் தெரிந்தவர் கட்டடத்தையும் கப்பல் தெரிந்தவர் கப்பலையும் அடையாளம் காட்டினார்.

இங்கே நூலகர்கள் செய்த காரியம் வெளியே தெரியாதது. ஏற்றும்போதே ஒவ்வொரு படத்திலும் ஒரு நிலைமுகவரியை, அதாவது தளம் மாறினாலும் மாறாத இணைய முகவரியை, இணைத்திருந்தார்கள். அது வாஷிங்டனில் இருக்கும் மூலப்பதிவையே சுட்டும். ஆகவே படம் எங்கே சுற்றினாலும், அதைப் பற்றி யாரோ சொன்ன சேதியைச் சரியான பதிவில் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இருந்தது. இந்த முகவரி மட்டும் இல்லாதிருந்தால், அத்தனை துப்பறிவும் ஃப்ளிக்கரோடு நின்றுபோயிருக்கும்.

சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆதாரம் பார்த்து, ஊழியர்கள் சரிபார்த்த பிறகே பட்டியலில் திருத்தினார்கள். தகவல் வந்த வழியையும் அடைப்புக்குறிக்குள் பதிந்தார்கள்: மூலம், ஃப்ளிக்கர் காமன்ஸ் திட்டம், 2008. ஆவணத்தில் இல்லாமல் தாமே சேர்த்த தலைப்பைச் சதுர அடைப்புக்குள் போடுவது நூலகர்களின் பழைய வழக்கம். அதே ஒழுங்கை முகம் தெரியாத அந்நியரின் சொல்லுக்கும் நீட்டினார்கள்.

முதல் ஒன்பது மாதத்தில் 7,166 கருத்துகள் வந்தன. 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகள் மேம்பட்டன. கதவைத் திறந்துவிட்டால் வசையும் குப்பையும் கொட்டும் என்ற பயம் எவருக்கும் இருந்திருக்கும். பொருந்தாதவை என்று நூலகர்கள் நீக்க நேர்ந்தவை 25-க்கும் குறைவு.