ஆசிரியைகள் பிறந்த இல்லம்

தில்லியில் லோதி ரோட்டுப் பகுதியில் காலை வேளையில் சிறிது நின்று பார்த்தால், இரட்டைப் பின்னலும் புத்தகப் பையுமாக நம் சிறுமியர் லோதி எஸ்டேட்டிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியை நோக்கிச் செல்வதைக் காணலாம். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆயின், நம் பாட்டியரின் தாய்மார் காலத்துச் சென்னையில் இஃது எளிய காட்சியன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ சபையாரும் அரசினரும் செல்வர் சிலரும் அந்நகரில் பெண்களுக்கெனப் பள்ளிகள் நடத்தினர். எனினும் ஒரு பெருந்தடை குறுக்கே நின்றது. வளர்ந்த பெண்ணை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியரோ கிடைப்பதரிது. ஏனெனில் பெரும்பாலான சிறுமியர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மணம் முடிந்து பள்ளியை விட்டு நீங்கினர். படித்த பெண்கள் இல்லாமையால் ஆசிரியைகள் இல்லை. ஆசிரியைகள் இல்லாமையால் பெண்கள் படிக்கவில்லை. 1866ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த மேரி கார்ப்பென்டர் அம்மையார், பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவதே முதற்பணி என வற்புறுத்தியது இக்காரணம் பற்றியே.

இம்முடிச்சை அவிழ்க்க முற்பட்டவருள் தலையாயவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் பிறந்த இவர் இளஞ்சிறுமியாக இருக்கையிலேயே கணவனை இழந்தார். பெற்றோர் அவரை மூலையில் ஒதுக்கவில்லை, படிக்க வைத்தனர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களுக்குப் புகலிடமும் கல்வியும் அளிக்கத் தலைப்பட்டார். முன்னாளில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்த கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடம் பின்னர் அப்பெண்களின் இல்லமாயிற்று. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும், 1927இல் வயது கடந்த பெண்களும் பயிலச் சாரதா வித்யாலயமும் தோன்றின. வீட்டின் இருட்டில் சுமையெனக் கருதப்பட்டவர்களே ஊரின் ஆசிரியைகள் ஆயினர்!

அவ்வில்லம் தொடக்கத்தில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடமளித்தது என்பதையும் மறைத்தலாகாது. சீர்திருத்தமும் தன் காலத்தின் வேலிக்குள்ளேயே முளைக்கிறது. பின்வருவோர் அவ்வேலியைக் கடக்க வேண்டும்.

எம் பாட்டியார்க்கு எழுத்தறிவு இல்லை. யாம் தலைநகரிலிருந்து எழுதிய கடிதங்களை அண்டை வீட்டார் படித்துச் சொல்லக் கேட்பார். அதனால் அவரிடம் மட்டும் சொல்ல வேண்டியவற்றை யாம் எழுதியதேயில்லை. அவர் மறைந்த பின்னரே அவ்விழப்பின் அளவு விளங்கியது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரே! மாற்றல் ஆணை வரும்போதும் செலவு நெருக்கும்போதும், 'மகளின் படிப்பு இதுவரை போதும்' என்ற சொல் இன்றும் சில இல்லங்களில் எழத்தான் செய்கிறது. அச்சொல் நாவில் எழுமுன், அந்தக் கடற்கரை இல்லத்தை ஒரு கணம் நினைவு கூர்வோமாக.