‘சிவப்பு பலூன்’ முதல் ‘தீபன்’ வரை: பாரிஸைக் காட்டிய படங்கள்

பாரிஸ் என்றதும் நம் ஊர் ரசிகரின் மனசில் ஒரு டூயட் பாட்டுதான் ஓடும். 1969இல் ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ ஐரோப்பாவை நம் டாக்கீஸ்களுக்குக் கொண்டு வந்தது. 1998இல் ‘ஜீன்ஸ்’ படத்தின் உலக அதிசயப் பாட்டில் ஈஃபிள் கோபுரம் வந்து நின்றது. அந்த ஊரில் வாடகை கட்டத் திண்டாடுகிறவரோ, வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கு மட்டம் போடும் பையனோ நம் பாட்டுகளில் தென்படுவதில்லை. பிரெஞ்சு இயக்குநர்கள் அவர்களைத்தான் படமாக்கினார்கள். அவர்களுடைய பாரிஸ், நம் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் புரிகிற பாரிஸ்.

திருச்சிக்கு வந்த படப்பெட்டி

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அடுத்த பத்தாண்டில் அந்தக் கலை நம் பக்கம் வந்துவிட்டது. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். தென்னிந்தியாவின் டூரிங் சினிமா அப்படித்தான் தொடங்கியது. அன்றைக்கு மீன்சுருட்டியும் திருச்சி மாவட்டம்தான். பிரெஞ்சு சினிமாவுக்கும் நமக்கும் நூறாண்டு தாண்டிய உறவு உண்டு.

தெருவில் பிறந்த படங்கள்

முதலில் பார்க்க வேண்டியது ஆல்பேர் லாமொரிஸின் ‘சிவப்பு பலூன்’ (1956). மொத்தமே 34 நிமிடம். மெனில்மோந்தான் பகுதியின் பழைய சந்துகளில் ஒரு சிறுவனை அவனுடைய பலூன் நாய்க்குட்டி போலப் பின்தொடர்கிறது. வசனம் மிகக் குறைவு என்பதால் மொழி தெரியாத குழந்தைக்கும் கதை போய்ச் சேரும். இருந்தும் திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கிய படம் இது.

பிரான்சுவா த்ரூஃபோ ‘400 அடிகள்’ படத்தை (1959) எடுத்தபோது அவருக்கு வயது 27கூட நிரம்பவில்லை. நாயகன் அந்துவான், வீட்டிலும் பள்ளியிலும் யாருக்கும் வேண்டாத பையன். பள்ளிக்கு வராததற்குக் காரணம் கேட்டால் “அம்மா செத்துட்டாங்க” என்று பொய் சொல்கிறான். இரவில் வீட்டுக்குப் போகாமல் தெருவில் திரிகிறான்; பசிக்குப் பால் புட்டியைத் திருடிக் குடிக்கிறான். இந்தப் படம் கான் திரைப்பட விழாவில் த்ரூஃபோவுக்குச் சிறந்த இயக்குநர் விருதை வாங்கித் தந்தது. பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் இதைப் பார்க்க வேண்டும்.

ஆன்யெஸ் வார்தாவின் ‘கிளேயோ, 5 முதல் 7 வரை’ (1962) ஒரு பாடகியின் மாலைப்பொழுது. புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கும் அவள் பாரிஸ் முழுக்க நடக்கிறாள். ஊரெல்லாம் தன்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவள், மெல்ல மெல்ல ஊரைப் பார்க்கத் தொடங்குகிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த நடையின் கனம் தெரியும்.

காதல் படமே வேண்டும் என்பவர்களுக்கு ஜான் பியேர் ஜூனேயின் ‘அமேலி’ (2001). மொன்மார்த் பகுதியின் ஒரு காபிக்கடையில் பரிமாறும் பெண், யாருக்கும் தெரியாமல் அடுத்தவர் வாழ்க்கைக்கு நல்லது செய்கிறாள். நிறம் வழியும் படம். பாரிஸை அழகாகக் காட்டுவதில் இதற்கு இணை குறைவு.

தமிழ் பேசிய பிரெஞ்சுப் படம்

நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் ‘தீபன்’. இயக்குநர் ஜாக் ஓதியார் பிரெஞ்சுக்காரர். படத்தில் பெரும்பாலும் ஒலிப்பது ஈழத் தமிழ். 2015இல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்சில் அகதியாகக் குடியேறியவர். நாயகி காளீஸ்வரி சீனிவாசன்.

ஈழப் போரிலிருந்து தப்பும் ஒரு போராளி, முன்பின் தெரியாத ஒரு பெண், தாயில்லாத ஒரு சிறுமி. செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட்டில் மூவரும் குடும்பமாக நடித்துப் பாரிஸ் வருகிறார்கள். அவன் இரவுத் தெருவில் விளக்கு மின்னும் விளையாட்டுப் பொருள் விற்கிறான். பிறகு புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பாளன் ஆகிறான். அங்கும் துப்பாக்கிச் சத்தம். அதற்கு நடுவே அந்தப் பொய்க் குடும்பத்துக்குள் மெய்யான பிரியம் மெல்ல முளைக்கிறது. ஈஃபிள் கோபுரத்தின் துணை இல்லாமல், பாரிஸில் எடுக்கப்பட்ட ஆழமான காதல் கதைகளில் ஒன்றாக இது நிற்கிறது.

அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டம் 2022இல் தொடங்கியது. அரியலூர், பெரம்பலூர் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘சிவப்பு பலூன்’ படத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் அரை மணி நேரம் அவர்களைப் பேச விடுங்கள். ‘தீபன்’ பெரியவர்களுக்கான படம்; வீட்டில் உட்கார்ந்து அவசியம் பாருங்கள்.