வண்டியின் குரல் ஏன் விட்டு விட்டு அடைக்கிறது?

சகோதரிகளே, காலையில் உங்கள் ஒழுங்கைக்குள் பாண் வண்டி வந்துவிட்டது என்பதை எப்படி அறிகிறீர்கள்? வாசலில் நின்று எட்டிப் பார்த்தா? இல்லை. அடுப்படியில் கை வேலையாக இருக்கும்போதே அந்தப் பழகிய இசை காதில் விழுகிறது. பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து ஓடச் சொல்கிறீர்கள். பல வண்டிகளில் ஒலிக்கும் அந்த இசை, ஜேர்மனிய இசைமேதை பேத்தோவன் 1810இல் எழுதிய ஒரு சிறு பியானோ இசை. அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து, 1867இல்தான் அது அச்சில் வந்தது. நம் ஊர்களில் அது பாண் விற்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இதையே வண்டிக்காரர் வீட்டுப் பக்கமிருந்து சற்று எண்ணிப் பாருங்கள். இசை நடுவழியில் நின்றுபோனால், வண்டி வாசலைக் கடந்து போனதே எவருக்கும் தெரியாது. விற்காத பாணும் பணிஸும் வீடு திரும்பும். மோட்டார் சைக்கிளில் ஒரு சிறிய ஸ்பீக்கரைப் பூட்டி, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு மீனும் மரக்கறியும் விற்கப் போகிறவர்களுக்கு இன்னும் மோசம். மீன் வெயிலில் காத்திருக்காது. உங்கள் கணவரோ, நானாவோ, மகனோ இப்படித் தொழில் செய்பவராக இருந்தால், "இன்றைக்கும் செட் வேலை செய்யவில்லை" என்ற பேச்சு வீட்டுச் செலவைத் தொடுகிற பேச்சு என்பது உங்களுக்குத் தெரியும்.

முற்றாக நின்றுபோன செட்டைத் திருத்துவது எளிது. விட்டு விட்டு நிற்பதுதான் தொல்லை. கடையில் காட்டும்போது நன்றாகப் பாடும். வீதியில் இறங்கியதும் வாயை மூடிக்கொள்ளும். பார்த்தவர் "அம்ப் பழுது, மாற்றத்தான் வேண்டும்" என்பார். மாற்றியதும் இரண்டு கிழமை பாடும், பிறகு பழைய கதைதான். அந்த இரண்டு கிழமையும் ஏன் பாடியது தெரியுமா? புதிய பெட்டியைப் பூட்டுவதற்காக எல்லா வயர்களையும் கழற்றித் திரும்ப இறுக்கினார்களே, அதனால். பழுது இருந்தது பெட்டியில் அல்ல, தளர்ந்த பூட்டில்.

2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறிய ஏற்றம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் பரவலாக மீண்டும் தொடங்கியது. ஆகையால் நம் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் பழைய வண்டிகள். அவற்றின் வயர்களும் பழையவை. புதிய பெட்டிக்குக் காசு கொடுக்க முன், வீட்டில் அரை மணித்தியாலம் செலவிட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இது ஆண்கள் பார்க்கும் வேலை அல்லவா என்று கேட்பீர்கள். தையல் மெஷினில் நூல் அறுந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எப்போது அறுகிறது என்று பார்க்கிறீர்கள். தடித்த துணியிலா, வேகமாக ஓட்டும்போதா, பொபின் தீரும் நேரத்திலா? அதை வைத்தே ஊசியா, நூலா, திருகாணியா என்று முடிவு செய்கிறீர்கள். இங்கும் அதே கேள்விதான். சத்தம் எப்போது நிற்கிறது?

கொப்பியும் பென்சிலும்

மூன்று நாளைக்கு ஒரு பழைய கொப்பியில் குறித்து வையுங்கள். வண்டி வீடு வந்ததும் அவரிடம் கேளுங்கள். குழியில் விழுந்தபோது நின்றதா? ஹேண்டிலைத் திருப்பியபோதா? ஹோர்ன் அடித்தபோதா? வெயிலில் அரை மணி ஓடிய பிறகா? மழைக்கு மறுநாளா? இவற்றை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சத்தம் நின்ற அந்த நொடியில் செட்டின் சின்ன விளக்கும் அணைந்ததா, அல்லது எரிந்துகொண்டே இருந்ததா? இந்த ஒரு விடையே வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். விளக்கும் அணைந்தால் செட்டுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. விளக்கு எரிந்தபடி இருந்தால் கரண்ட் வருகிறது. குறை ஸ்பீக்கர் பக்கத்தில், அல்லது பாட்டு வருகிற பக்கத்தில்.

விளக்கும் அணைந்தால்

முதலில் பட்டரியைத் திறந்து பாருங்கள். வண்டியை வெளியில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சைலன்சர் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதுவே பாதிக் குற்றவாளி. காத்தான்குடி, கல்முனை, பேருவளை, புத்தளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை வெகு விரைவாகச் செய்துவிடும். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். இளஞ்சூடான நீரில் அப்பச் சோடாவைக் கரைத்து, பழைய பல் பிரஷில் தொட்டுத் தேய்த்தால் அந்தப் பூப்பு நுரைத்துக் கழன்றுவிடும். பட்டரிக்கு உள்ளே அந்த நீர் இறங்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்வது நல்லது, அந்தத் தூளில் அமிலம் இருக்கும். ஈரம் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே சற்று வஸலின் பூசிவிடுங்கள்.

அடுத்தது ஏர்த் வயர், அதாவது செட்டின் கறுப்பு வயர். இது வண்டியின் இரும்பில் ஏதாவதொரு ஆணிக்குக் கீழே பூட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தில் பெயின்ட் இருந்தால், துரு இருந்தால், ஆணி தளர்ந்திருந்தால் குழியில் விழும் ஒவ்வொரு முறையும் செட் செத்துப் பிழைக்கும். என் கணிப்பில், விட்டு விட்டு நிற்கும் செட்டுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஒரு ஆணியைத்தான். சேண்ட் பேப்பரால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் பல நேரம் கதை அங்கேயே முடிந்துவிடும். பியூஸ் கூட்டையும் மறக்க வேண்டாம். பியூஸ் நன்றாக இருந்தும் அதைப் பிடிக்கும் தகடு நெகிழ்ந்திருக்கும். விரலால் ஆட்டிப் பார்த்தால் தெரியும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் நிற்கிறதா? அப்படியானால் ஹேண்டிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மடங்கி மடங்கி விரிகிற இடத்தில் வயருக்குள் செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. மேலுறை முழுசாகத் தெரியும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும் அல்லவா, அதுதான். ஒருவர் சாவியைப் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல், பாட்டை வைத்துக்கொண்டு ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்ப, மற்றவர் வயரைச் சாண் சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டு வந்தால் அறுந்த இடம் அகப்பட்டுவிடும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் கராஜில் ஒருவர் மட்டும் பார்ப்பதை விட இது நன்றாக நடக்கும். திருத்தும்போது அந்த மடிப்பிலேயே ஒட்டுப் போடாமல் சற்றுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஈயம் பற்றவைத்த இடம் விறைப்பாகிவிடும். மடிப்பில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்தில் மறுபடி முறியும்.

ஹோர்ன் அடிக்கும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் நின்றால் பட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது செட்டுக்கான கரண்டை ஹோர்ன் வயரிலேயே யாரோ தட்டி எடுத்திருக்கலாம். ஒரு சிறிய மீட்டர் கையில் இருந்தால் எஞ்சின் ஓடாதபோது நல்ல பட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை போகும். சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது பட்டரியில் ஒரு முறையும், செட்டின் வாயிலில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் உள்ள வயரோ பூட்டோ அதைத் தின்கிறது.

விளக்கு எரிய, சத்தம் மட்டும் நின்றால்

பென் டிரைவையோ போனையோ மாற்றிப் பாருங்கள். குழியில் பென் டிரைவ் துள்ளினால் பாட்டு நின்று முதலிலிருந்து தொடங்கும், அதுவே அடையாளம். புளூடூத் என்றால் போன் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பின்பக்கப் பொக்கட்டில் இருந்தால் நடுவில் முழு உடம்பும் மறைக்கிறது. நம் உடம்பில் பெரும்பகுதி நீர், அந்த அலையை நீர் உறிஞ்சிவிடும். போனை முன்பக்கம் மாற்றினால் சரி, காசு செலவில்லை.

அதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு பென்டோர்ச் பட்டரி போதும், அதுதான் 1.5 வோல்ட் பட்டரி. செட்டிலிருந்து ஸ்பீக்கர் வயர்கள் இரண்டையும் கழற்றி, அந்தப் பட்டரியின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கர் "டிக்" என்று சொன்னால் உயிர் இருக்கிறது. சொல்லாவிட்டால் ஸ்பீக்கரின் பின்னால் நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். அங்கே சொன்னால் குற்றம் வயரில். அங்கேயும் மௌனம் என்றால் ஸ்பீக்கரில். வயரை ஆட்டிக்கொண்டே தொட்டால் சில முறை சொல்லிச் சில முறை சொல்லாமல் இருக்கும் இடமும் பிடிபடும்.

ஸ்பீக்கர் வயரின் மேலுறை எங்காவது உராய்ந்து செம்பு வெளியே தெரிந்தால், வண்டியின் இரும்பில் அது தொடும்போதெல்லாம் அம்ப் தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்தும். சிலவற்றில் சிவப்பு விளக்கு எரியும். இந்தக் காலத்துச் சிறிய அம்ப்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களிலும் மின் உண்டு. ஒன்றை இரும்பில் பூட்டி வயர் மிச்சம் பிடிப்பது அம்பைக் கொல்லும் வழி.

அரை மணி பாடி, நின்று, பத்து நிமிடம் ஆறியபின் தானாகவே பாடத் தொடங்கினால் அது சூடு. 4 ஓம் ஸ்பீக்கர் பூட்டிய இடத்தில் இன்னொரு 4 ஓம் ஸ்பீக்கரையும் பக்கத்தில் சேர்த்துப் பூட்டினால் சுமை 2 ஓம் ஆகிவிடும். அம்ப் இரட்டிப்புக் கரண்ட் கொடுக்க வேண்டி வருகிறது. கூடுதல் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். பெட்டியை சீட்டுக்கு அடியில் துணியால் சுற்றி வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். "1000 வாட்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 12 வோல்ட்டில் 1000 வாட் எடுக்க 83 அம்பியருக்கு மேல் வேண்டும். 10 அம்பியர் பியூஸ் போட்ட செட் 120 வாட்டுக்கு மேல் இழுக்கவே முடியாது.

பியூஸில் ஈயத்தாள்

இதைக் கண்டால் வண்டியை அன்று வெளியே விடாதீர்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும், கம்பித் துண்டைச் செருகுவதும் நடக்கிறது. பியூஸ் போவது பழுது அல்ல. எங்கோ வயர் இரும்பைத் தொடுகிறது என்று அது சொல்லும் செய்தி. அதன் வாயை அடைத்தால் பியூஸுக்குப் பதிலாக வயர் சூடாகும், உறை உருகும். மோட்டார் சைக்கிளில் அந்த வயர் ஓடுவது பெரும்பாலும் பெற்றோல் டேங்கின் அடியில். முச்சக்கர வண்டியில் பின் சீட்டில் நம் பிள்ளைகள் இருப்பார்கள். செட்டுக்குத் தனி வயர், பட்டரிக்குப் பக்கத்திலேயே தனி பியூஸ், அதுவும் செட்டில் குறித்துள்ள அளவுக்கே. இந்த மூன்றும் இல்லாத செட்டை இருக்கிறபடி விட வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் அம்பில்தான் குறை இருக்கலாம். உள்ளே ஈயப்பற்று வெடிப்பதும் உண்டு. அப்போது கடைக்கு அனுப்பும்போது கொப்பியையும் கொடுத்து அனுப்புங்கள். "குழியில் அல்ல, சூட்டில் நிற்கிறது, விளக்கு எரிகிறது, ஸ்பீக்கர் டிக் சொல்கிறது, ஏர்த் சுத்தம் செய்தாயிற்று" என்று எழுதியிருந்தால் நல்ல வயரிங் பாஸ் நேராக இடத்துக்குப் போவார், பொறுப்பில்லாதவருக்கும் ஏமாற்ற இடம் குறையும். மாற்றத்தான் வேண்டுமென்றால் பழைய பெட்டியைக் கட்டாயம் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். வெடித்த ஈயப்பற்றைத் திரும்பப் பற்றவைத்தால் அது இன்னும் சில காலம் ஓடக்கூடியது.