வானில் இரு கைகள் – 9: அணையாத இரண்டாவது சுவிட்ச்

2004 பிப்ரவரி வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம் என்றாலும், தளி சாலையில் இருக்கும் பேளகொண்டப்பள்ளி விமானத் தளம் பழைய தருமபுரிக்காரர்களுக்கு நம்ம ஊர் ஓடுபாதைதான். டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய ஆளில்லா விமானம் ருஸ்தம்-1 முதன்முறை பறக்க முயன்று விழுந்தது அங்கேதான். நாள், 2009 நவம்பர் 16.

தேசிய விமானவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ருஸ்தம் தமானியாவின் பெயரைத் தாங்கிய விமானம் அது. ஓடுபாதையில் ஓடியது, மேலெழும்பியது, எல்லாம் திட்டப்படி நடந்தன. அதன்பின் விமானத்தின் உயரத்தைத் தரையில் இருந்தவர்கள் தவறாகக் கணித்துவிட்டார்கள். இன்ஜினை நிறுத்தும் ஆணை கீழிருந்து போனது. இயந்திரமும் சொன்னபடி கேட்டது.

இருக்கையில் அமர்ந்து ஓட்டுபவருக்கு உடம்பே பாதி சேதியைச் சொல்லிவிடும். இன்ஜின் ஒலி மாறினால் காது பிடிக்கும், மூக்கு உயர்ந்தால் முதுகு அறியும். ஓடுபாதையோரம் அண்ணாந்து பார்த்து நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. பதினோரு மாதம் கழித்து, 2010 அக்டோபர் 16 அன்று, ருஸ்தம்-1 அதே ஓசூரில் நல்லபடியாகப் பறந்து இறங்கியது.

ஆனால் விமானத்துக்குள்ளேயே அமர்ந்திருப்பவருக்கும் இயந்திரத்தின் மனம் புரியாமல் போகலாம். அதற்கு ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பெங்களூருக்குப் போக வேண்டும்.

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஏர்பஸ் ஏ320. கம்ப்யூட்டர் வழியே இயக்கப்படும் அந்த ரகம் நாட்டுக்கே புதிது. இறங்கும் வேளையில் விமானம் ‘ஓப்பன் டிசென்ட்’ என்ற மோடில் இருந்தது. அதில் இன்ஜின் விசை குறைந்தபட்சத்திலேயே நிற்கும். வேகம் குறைந்தாலும், விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் அதைக் கூட்டாது. அதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. இரண்டு பைலட்களின் ‘ஃப்ளைட் டைரக்டர்’ சுவிட்சுகளையும் அணைத்தால், வேகத்தைக் காக்கும் பொறுப்பை ஆட்டோத்ரஸ்ட் எடுத்துக்கொள்ளும். அன்று ஒன்று அணைந்தது, மற்றொன்று அணையவில்லை. ஒன்று எரிந்தாலும் பழைய மோடே தொடரும் என்பது அந்த இயந்திரத்தின் கணக்கு.

132 நாட் இருக்க வேண்டிய வேகம் 106 வரை சரிந்தது. தானியங்கிக் குரல் 400, 300, 200 அடி என்று உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. ‘விசையைக் கூட்ட மாட்டேன்’ என்பதை மட்டும் அது வாய்விட்டுச் சொல்லவில்லை. திரையில் சிறு எழுத்துகளாகக் காட்டியதோடு சரி. ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்ததில் 92 பேர் இறந்தார்கள். எந்த மோடில் இருக்கிறோம் என்று தெரிந்தும் பைலட்கள் உடனே த்ராட்டிலை முன்தள்ளவில்லை என்றது விசாரணை அறிக்கை. அது உண்மைதான். ஆனால் அதோடு கோப்பை மூடிவிட முடியாது என்றே நான் நினைக்கிறேன். 2013 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது விபத்துக்குள்ளான ஏசியானா 214 விமானத்திலும் ஆட்டோத்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அது பார்த்துக்கொள்ளாத மோடில் இருந்தது. வேறு கம்பெனி விமானம், வேறு நாட்டுப் பைலட்கள், அதே சறுக்கல். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் மனிதர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த விபத்தை எப்படித் தடுப்பது?

நடின் சார்ட்டர், டேவிட் வுட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1990-களிலேயே இந்த மோடு குழப்பத்தை ஆராய்ந்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் காக்பிட்டை நோக்கி வருகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அதை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறது: மனிதருக்கு உதவுவது முதல் படி, மனிதரோடு சேர்ந்து வேலை செய்வது இரண்டாவது, பெரும்பாலும் தானாகவே இயங்குவது மூன்றாவது. எனக்குப் பயம் இரண்டாவது படியில்தான். மற்ற இரண்டில் பொறுப்பு யாருடையது என்பது ஓரளவு தெளிவு. நடுப்படியில் அது நிமிடத்துக்கு நிமிடம் கைமாறும். ஒவ்வொரு கைமாற்றமும் இருவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

2022 ஜூலை 1 அன்று சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் டி.ஆர்.டி.ஓ.வின் ஆளில்லா விமானம் ஒன்று தானே கிளம்பி, தானே வழி பிடித்து, தானே இறங்கியது. பெருமைப்பட வேண்டிய வேலை. அதே நேரத்தில் 1983-இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் எழுதியதையும் மறக்கக் கூடாது. இயந்திரம் ஓட்ட ஓட்ட மனிதருக்குக் கைப்பழக்கம் போய்விடும். இயந்திரம் கைவிடும் மிக மோசமான நொடியில்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கையால் ஓட்டும் பயிற்சி நேரத்தைச் செலவுக் கணக்கில் வெட்டும் ஒவ்வொரு நிறுவனமும் அந்த நொடிக்கு யாரை அனுப்பப் போகிறது?

(தொடரும்)