ஒரே உயரம், வேறு குளிர்

ஜனவரி பிறந்துவிட்டால் கொழும்பிலிருக்கும் உறவினர்கள் லிந்துலைக்கு அழைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “ஒங்கட பக்கம் ஸ்னோ கொட்டுதாமே?” நுவரெலியாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படமொன்று அதற்குள் எல்லோருடைய தொலைபேசிக்கும் போயிருக்கும். படம் உண்மைதான். ஆனால் அது ஸ்னோ இல்லை.

குழப்பத்தில் பாதி நமது மொழியால் வருவது. புல்லில் நிற்கும் ஈரமும் பனி, காலையில் மலையை மறைப்பதும் பனி, சுவிட்சர்லாந்தில் வானத்திலிருந்து கொட்டுவதும் பனி. நுவரெலியாவில் விழுவது உறைபனி. அது மேலிருந்து விழுவதுகூட இல்லை, நிலத்தின்மேலேயே உருவாகிறது.

சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில் சென்ட் மோரிட்ஸ் என்றொரு ஊர் இருக்கிறது. பனிச்சறுக்கு விடுமுறைக்கு உலகமெங்கும் பெயர் பெற்றது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 1822 மீற்றர். நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர். அதாவது நாம்தான் சற்று மேலே இருக்கிறோம்! அங்கே குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்துவிடும். 1907 முதல் அந்தப் பனிக்கட்டியின் மேலேயே குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். நுவரெலியாவிலும் ஏரி உண்டு, குதிரைப் பந்தயமும் உண்டு. கிரகரி வாவி மட்டும் ஒருநாளும் உறைவதில்லை.

உயரம் ஒன்றானாலும் இருக்கும் இடம் வேறு. சென்ட் மோரிட்ஸ் பூமத்திய ரேகைக்கு வடக்கே 46 பாகையில் இருக்கிறது, நாம் 7 பாகையில் இருக்கிறோம். 1000 மீற்றர் மேலே ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நமது கரையோரத்தில் சராசரி 27, 28 பாகை. நுவரெலியாவுக்கு ஏறும்போது அதில் 12 பாகை குறைகிறது. மீதி 15, 16. நகரத்தின் வருடச் சராசரியும் அவ்வளவுதான். சராசரி பூச்சியத்துக்கு வர வேண்டுமானால் 4000 மீற்றருக்கும் மேலே போக வேண்டும். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்தும் ஆபிரிக்காவின் கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனி கிடப்பதற்கு அதன் 5895 மீற்றர் உயரமே காரணம்.

அப்படியென்றால் புல் எப்படி வெள்ளையாகிறது? ஜனவரியிலும் பெப்ரவரியிலும் சில இரவுகள் மேகமே இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை நிலம் வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் போர்வைபோலத் தடுத்திருக்கும். குளிர்ந்த காற்று பாரமானது, அதனால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே புல்லின் மட்டத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனதும், காற்றிலுள்ள நீராவி நீராக மாறாமலே பனிக்கட்டியாகப் படிகிறது. மலை உச்சியை விட்டுவிட்டு ஓடைக்கரை முதலில் வெளுப்பது இதனால்தான். ஸ்னோ கொட்ட வேண்டுமானால் மேகமும் வேண்டும், கடுங்குளிரும் வேண்டும். நமக்கு மேகம் உள்ள இரவில் குளிர் போதாது. குளிர் உள்ள இரவில் மேகம் இல்லை.

பார்க்க அழகான இந்த உறைபனி தேயிலைக்கு எதிரி. வெயில் ஏறியதும், உறைந்த இலை கறுத்துக் கருகிவிடும். எங்கள் கடைக்கு வரும் தோட்டத்து அக்காமார் “பனி எரிச்சிருச்சு” என்பார்கள். குளிர் எரிக்குமா என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். கருகிய செடி மறுபடி கொழுந்துவிட வாரக்கணக்காகும். கொழுந்து இல்லாவிட்டால் நிறை சேராது, நிறை சேராவிட்டால் அரைப் பேர்தான். விந்தை என்னவென்றால், லிந்துலையும் தலவாக்கலையும் அடங்கிய டிம்புல பிரதேசத்தின் வாசனை மிகுந்த தேயிலை கிடைப்பதும் இதே ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிர்காலத்தில்தான். செடி மெதுவாக வளர்வதால் வாசனை கூடுகிறது. கோப்பையில் அந்த வாசனையை ரசிப்பவருக்கு, தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் லயத்துக் காம்பராவின் குளிர் தெரியாது.

குளிரைத் தேடி மலைக்கு வரும் பழக்கத்தை இங்கே நிலைநாட்டியவர்கள் ஆங்கிலேயர்கள். 1840களில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறித் தமது நாட்டைப்போலப் பண்ணை அமைத்தார். 1873இல் ஆளுநர் கிரகரி வாவியைக் கட்டுவித்தார். 1875இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. அல்ப்ஸ் மலைக்கும் ஆங்கிலேயர்கள் போனார்கள், ஆனால் கோடையில் மட்டும். 1864இல் சென்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யொஹானஸ் பத்ருட், “குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது” என்று தமது ஆங்கிலேய விருந்தினரிடம் பந்தயம் கட்டினாராம். அவர்கள் வந்தார்கள், வெகுநாள் தங்கினார்கள். அதுவரை ஊரை முடக்கிப்போட்ட பனி, ஊருக்கு வருமானமாயிற்று. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, குளிரை விற்றவர் அந்தப் பள்ளத்தாக்கின் மனிதர் என்பதுதான். நமது மலைகளில் குளிரை அனுபவித்தவர்கள் துரைமார். குளிரில் நின்றவர்கள் கூலிக்காரர்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எங்காடினில் ரோமான்ஷ், ஜேர்மன், இத்தாலியன் என்று மூன்று மொழிகள் கேட்குமாம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வந்தால் நமக்கும் குறைவில்லை. காத்தான்குடித் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், காலிச் சிங்களம் எல்லாம் வாவிக்கரையில் ஒன்றாகக் கேட்கும். ஸ்ட்ரோபெரி விற்கும் தோட்டத்துப் பையன் வருபவரின் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றுவான். 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. வட்டிலப்பமும் கெவும்மும் ஒரே பயணப் பையில் மலையேறிய வாரம் அது.

ஆனால் ஏப்ரல் உண்மையான குளிர்காலமே அல்ல. கீழ்நாடு வெயிலில் வேகும்போது பாடசாலை விடுமுறையும் பண்டிகையும் சேர்ந்து வருவதால் ஆட்கள் வருகிறார்கள். செடியை எரிக்காத, பூக்கள் மலர்ந்த இதமான குளிரைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஹட்டனிலிருந்து வரும் வாகனங்கள் லிந்துலையில் நெரிசலாக நின்றாலும், இறங்கித் தேநீர் குடிப்பவர்கள் சிலரே.

உறைபனியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜனவரியில் வாருங்கள். முதல்நாள் இரவு நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தால் விடியுமுன் எழும்புங்கள். மலை உச்சிக்கு ஓடாமல் ஓடையோரப் பள்ளத்துக்குப் போங்கள், எட்டு மணிக்குள் எல்லாம் கரைந்துவிடும். தேயிலை மலைக்குள் மட்டும் இறங்காதீர்கள். உறைந்த கொழுந்து கை பட்டாலே ஒடிந்துவிடும்.