கொதித்தாலும் சாகாதவை

“நல்லா கொதிக்க வெச்சாச்சு, இனிமே ஒண்ணும் பண்ணாது” என்பது நம் சமையலறைகளின் அசையாத நம்பிக்கை. காலரா, டைபாய்டு கிருமிகளைப் பொறுத்தவரை அது சரிதான். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களிடம் மட்டும் அது செல்லாது. இரை தீர்ந்தாலோ சூழல் கெட்டாலோ இவை தங்கள் மரபுப்பொருளைப் பல அடுக்கு உறைக்குள் பூட்டிக்கொண்டு உறங்கிவிடும். இந்த நிலைக்கு ஸ்போர் என்று பெயர். கொதிநீருக்கும், வெயிலுக்கும், கையில் தடவும் சானிடைசருக்கும் அது மசியாது. 1942-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் ஆந்த்ராக்ஸ் ஸ்போர் குண்டுகளைச் சோதித்தது. 1986-இல் ஃபார்மால்டிஹைடு தெளித்துத் தீவைச் சுத்தம் செய்தார்கள். மனிதர் போய்வரலாம் என்று அறிவிக்க 1990 ஆகிவிட்டது.

நம் வீட்டுக்கு இது சோற்றுப் பானை வழியாகவே வருகிறது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் ஸ்போர்கள் அரிசியோடு ஒட்டி வரும். உலை கொதிக்கையில் மற்ற கிருமிகள் செத்துவிடும், இவை பிழைத்திருக்கும். வடித்த சோறு வெதுவெதுப்பாக மேடையில் கிடக்கும்போது, போட்டிக்கு ஆளே இல்லாமல் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு 121 டிகிரி வெப்பத்தில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. காலையில் வடித்த சோற்றை மாலையில் வாணலியில் புரட்டி எடுத்தால் கிருமி சாகலாம், நஞ்சு தட்டுக்கு வந்துவிடும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

அண்டா பிரியாணிக்கு வேறொரு எதிரி: கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது, அங்கே காற்றும் குறைவு. இந்தக் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றைப் பிசையும் வலியும் பேதியும் வரும். செய்ய வேண்டியது எளிது. பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அல்லது அகலமான தட்டுகளில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். முழுக்க ஆறினால்தான் ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று இரவெல்லாம் வெளியே விடுவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு.

ஹோட்டல் சாப்பாட்டால் இப்படி ஆனால் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்வதே நம் வழக்கம். சட்டம் அதைவிட அதிகம் தருகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 65-ஆம் பிரிவின்படி, பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் இழப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை கிடைக்க வழி உண்டு. 40-ஆம் பிரிவின்படி, வாங்கிய உணவை நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். விற்பவரிடம் அதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். உணவு விதிகளை மீறியது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்ப வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் சாட்சியம் இல்லாமல் எந்தச் சட்டமும் உதவாது. பில், மிச்ச உணவு, மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மலப் பரிசோதனை எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தேனில் பாட்டுலிசம் கிருமியின் ஸ்போர்கள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை தலையெடுப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கத் திணறல், மெலிந்த அழுகை, தொங்கும் இமை. சுத்தமான மலைத்தேன், காய்ச்சிய தேன் என்ற சமாதானம் எதுவும் இங்கே எடுபடாது. பாட்டி மனம் கோணினாலும் ஒரு வயது வரை தேன் வேண்டாம்.

கால்நடை வளர்ப்போருக்கு அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் தெரிந்த நோய். மாடோ ஆடோ திடீரென விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்தால் அதை அறுக்கக் கூடாது, தோலுரிக்கக் கூடாது. உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு ஸ்போராகி மண்ணில் தங்கும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. அத்தகைய விலங்கைத் தொட்டவர் தோலில் வலியில்லாத கறுத்த புண் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் ஆன்டிபயாடிக்கில் குணமாகும்.

கடைசியாக, ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ். துருப்பிடித்த ஆணியால் வருகிறது என்பார்கள். துருவுக்கு அதில் பங்கில்லை, ஆணியில் ஒட்டிய மண்ணிலும் சாணத்திலும்தான் ஸ்போர் இருக்கிறது. ஆழமான காயத்தில் காற்று புகாததால் அது முளைக்கும். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களில் தாடை இறுகும், உடல் வில்லாய் வளையும். நரம்பில் பற்றிய நஞ்சைப் பிரித்தெடுக்க மருந்தில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் காக்க வேண்டியதுதான். தொப்புள்கொடியைக் கண்ட கத்தியால் அறுத்துச் சாணமும் சாம்பலும் வைத்த காலத்தில் பச்சிளம் குழந்தைகள் முதல் இரண்டு வாரத்துக்குள் இதற்குப் பலியானார்கள். மருத்துவமனைப் பிரசவமும் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் அதை மாற்றின. தாய்-சேய் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

பெரியவர்கள்தான் இன்று விடுபடுகிறார்கள். ஒரு கூட்டம் சின்னக் கீறலுக்கெல்லாம் ஆறு மாதத்துக்கொரு ‘டி.டி. ஊசி’ போட்டுக்கொள்கிறது, இன்னொரு கூட்டம் பள்ளிக்கூடத்தோடு மறந்துவிடுகிறது. முறையாகத் தடுப்பூசி போட்டவருக்குச் சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால்தான் அடுத்தது தேவை. மண் பட்ட ஆழமான காயமென்றால் 5 ஆண்டு. தடுப்பூசியே போடாதவருக்கு அத்தகைய காயம் பட்டால் ஊசி மட்டும் போதாது, நஞ்சை முறிக்கும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கும், 10, 16 வயதினருக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம். ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட அந்த நோயால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.