மரண முகாமில் மலர்ந்த காதல்

1944-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி. சனிக்கிழமை.

போலந்து நாட்டில் ஜெர்மானியர் நடத்திய ஆஷ்விட்ஸ் கைதி முகாம். அதன் காவல் சாவடியை நோக்கி இரண்டு பேர் நடந்து வந்தார்கள்.

ஒருவன் ஹிட்லரின் எஸ்.எஸ். படை உடுப்பு அணிந்திருந்தான். இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. மற்றவர் ஒரு கைதி. தொளதொளவென்று வேலையாள் உடுப்பு. கை கழுவும் பீங்கான் தொட்டி ஒன்றைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து வந்தார். முகம் தெரியவில்லை.

எங்கோ தொட்டி பொருத்துவதற்காகக் கைதியை அழைத்துப் போகிறான் என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றும். அனுமதிச் சீட்டும் சரியாக இருந்தது. வழி கிடைத்தது. இருவரும் வெளியே போய்விட்டார்கள்.

உடுப்பு அணிந்தவன் படைவீரன் அல்ல. அவனும் கைதிதான். தொட்டி சுமந்தவர் ஆணே அல்ல. 26 வயதுப் பெண்!

அவள் பெயர் மாலா சிமெட்பாம். யூத மதத்தைச் சேர்ந்தவள். அவன் பெயர் எட்வர்ட் கலின்ஸ்கி. எடெக் என்று நண்பர்கள் அழைப்பார்கள். போலந்து நாட்டுக் கத்தோலிக்கக் கிறிஸ்தவன். இருவரும் காதலர்கள்.

ரயில் நிலையத்தில் கைது

மாலா 1918-ல் போலந்தில் பிறந்தாள். அவள் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் பெல்ஜியம் நாட்டுக்குப் போய் ஆண்ட்வெர்ப் நகரில் குடியேறியது. தந்தைக்குக் கண் பார்வை இல்லை. மாலா கெட்டிக்காரி. பல மொழிகள் கற்றாள். துணி தைக்கும் வேலை பார்த்தாள். பிறகு ஒரு வைரக் கம்பெனியில் சேர்ந்தாள்.

1940-ல் ஹிட்லரின் படை பெல்ஜியத்தைப் பிடித்தது. யூதர்களுக்கு ஆபத்து வந்தது. பெற்றோரை ஒளித்து வைக்க இடம் தேடி மாலா பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போனாள். திரும்பி வரும்போது ஆண்ட்வெர்ப் ரயில் நிலையத்தில் அவளைக் கைது செய்தார்கள். அது 1942 ஜூலை மாதம்.

செப்டம்பரில் அவளை ரயிலில் ஏற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அந்த ரயிலில் வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே விஷவாயு அறையில் கொல்லப்பட்டார்கள். மாலா வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். அவள் கையில் 19880 என்று பச்சை குத்தினார்கள். அங்கே கைதிக்குப் பெயர் கிடையாது. எண்தான்.

கைதிகளின் தோழி

பல மொழி தெரிந்ததால் மாலாவுக்கு ஓட்டக்காரி வேலை கிடைத்தது. அதாவது, அதிகாரிகளின் உத்தரவுகளைப் பெண்கள் முகாமின் ஒவ்வொரு கொட்டகைக்கும் ஓடிச்சென்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பும் செய்ய வேண்டும். இந்த வேலையில் இருப்பவருக்குத் தலைமுடியை மழிப்பதில்லை. கொஞ்சம் நல்ல துணி உண்டு. முகாமுக்குள் நடமாடவும் முடியும்.

இத்தகைய சலுகை கிடைத்த சிலர் மற்றக் கைதிகளை மிரட்டினார்கள், அடித்தார்கள். மாலா அப்படிச் செய்யவில்லை. நோயாளிகளுக்கு மருந்து கொண்டு போய்க் கொடுத்தாள். உடல் தேறாத பெண்களை இலேசான வேலைக்கு அனுப்பினாள். நோயாளிகளைச் சாவுக்குப் பொறுக்கி எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே எச்சரித்தாள். இதனால் உயிர் பிழைத்த பெண்கள் பலர் பிற்காலத்தில் அவளை நன்றியோடு நினைவு கூர்ந்தார்கள். இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவியும் ஆஷ்விட்சில் கைதியாக இருந்தவர். 1986-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவர் மாலாவைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அரும்பிய காதல்

எடெக் 1940 ஜூன் 14-ந் தேதியே ஆஷ்விட்சுக்கு வந்தவன். போலந்துக் கைதிகளை ஏற்றி வந்த முதல் ரயிலில் அவனும் இருந்தான். அப்போது அவனுக்கு 16 வயது. பள்ளி மாணவன். அவனுக்குக் கொடுத்த எண் 531.

முகாமில் அவன் பூட்டு, குழாய் முதலியவற்றைப் பழுது பார்க்கும் வேலை கற்றுக்கொண்டான். வேலைக்காகப் பெண்கள் முகாமுக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே மாலாவைக் கண்டான்.

அவள் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். மதம் வேறு. யூதருக்கும் ஜெர்மானியருக்கும் இடையே கலியாணம் கூடாது, உறவும் கூடாது என்று 1935-லேயே சட்டம் போட்டவர் ஹிட்லர். அந்த முகாமிலோ ஆண் கைதியும் பெண் கைதியும் பேசிக்கொள்வதே குற்றம். கண்டுபிடித்தால் கடும் தண்டனை.

ஆனாலும் இருவரும் சந்தித்தார்கள். சில நிமிஷங்கள்தான். அதற்கும் தோழிகளும் நண்பர்களும் காவல் நிற்க வேண்டியிருந்தது.

தப்பிக்கத் திட்டம்

எடெக்குக்கு வீஸ்லாவ் கீலார் என்று உயிர் நண்பன் ஒருவன் இருந்தான். அவனும் கைதியே. இருவரும் சேர்ந்து தப்புவது என்றுதான் முதலில் திட்டம். எட்வர்ட் லூபுஷ் என்ற எஸ்.எஸ். வீரர் கைதிகளிடம் இரக்கம் உள்ளவர். அவர் இரகசியமாக ஒரு உடுப்பும் துப்பாக்கியும் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில், 1944 மே மாதம், ஹங்கேரி நாட்டு யூதர்களை ரயில் ரயிலாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள். யூதப் பெண்ணான மாலாவுக்கும் எந்த நாளும் சாவு வரலாம்.

அவளை விட்டுவிட்டுப் போக எடெக்குக்கு மனம் வரவில்லை. அவளையும் அழைத்துப் போவேன் என்றான். ஒரு பெண்ணோடு தப்புவது கஷ்டம் என்று நண்பன் கவலைப்பட்டான். கடைசியில் விட்டுக்கொடுத்தான். காதலர்கள் முதலில் போவது, பிறகு அந்த உடுப்பை நண்பனுக்குத் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று.

அனுமதிச் சீட்டுக்கு மாலா வழி செய்தாள். நீண்ட கூந்தலை மறைக்கப் பீங்கான் தொட்டி உதவியது.

பன்னிரண்டு நாள்

அன்று மாலை கணக்கெடுத்தபோது இரண்டு பேர் குறைந்தார்கள். சங்கு ஊதியது. மாலா தப்பிவிட்டாள் என்ற செய்தி கொட்டகை கொட்டகையாகப் பரவியது. பசியும் நோயும் மறந்து பெண்கள் மகிழ்ந்தார்கள். அவள் பிடிபடக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்கள்.

காதலர்கள் ஸ்லோவாக்கியா எல்லையை ஒட்டிய மலைகளை அடைந்தார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் தப்பலாம். ஆனால், ஜூலை 6-ந் தேதி பிடிபட்டார்கள்.

ரோந்துப் படையிடம் முதலில் சிக்கியவள் மாலா. சற்றுத் தூரத்தில் இருந்த எடெக் ஓடித் தப்பியிருக்கலாம். பிரிவதில்லை என்று கொடுத்த வாக்குக்காக அவனாகவே வந்து சரண் அடைந்தான். முகாமில் உயிர் பிழைத்தவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

இருவரையும் ஆஷ்விட்சுக்கே கொண்டுவந்து, 11-ம் கட்டிடத்தின் இருட்டறைகளில் தனித்தனியே அடைத்தார்கள். உடுப்பு கொடுத்தது யார், உதவியது யார் என்று கேட்டுச் சித்திரவதை செய்தார்கள். இருவரும் வாய் திறக்கவில்லை. லூபுஷையும் காட்டிக் கொடுக்கவில்லை. கீலாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

மாலை வேளையில் எடெக் தன் அறையிலிருந்து ஒரு பாட்டுப் பாடுவானாம். தான் உயிரோடு இருப்பதை மாலாவுக்குத் தெரிவிக்கத்தான் அந்தப் பாட்டு.

கடைசி நாள்

சில வாரங்கள் கழித்து இருவருக்கும் மரண தண்டனை. மற்றவர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கைதிகளை வரிசையாக நிறுத்தினார்கள்.

ஆண்கள் முகாமில் தூக்கு மேடை. தீர்ப்பைப் படித்து முடிப்பதற்குள் எடெக் தானே கழுத்தைக் கயிற்றில் நுழைத்து, நின்ற முக்காலியை உதைத்தான். காவலர்கள் பிடித்து நிறுத்தி, மறுபடியும் தூக்கில் போட்டார்கள். கூடியிருந்த கைதிகள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள்.

பெண்கள் முகாமில் மாலாவை நிறுத்தினார்கள். மறைத்து வைத்திருந்த பிளேடால் அவள் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டாள். ஒரு எஸ்.எஸ். வீரன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். ரத்தம் வழியும் கையாலேயே அவன் கன்னத்தில் அறைந்தாள் மாலா. ஆயிரக்கணக்கான பெண்கள் அதைப் பார்த்தார்கள். அவளை அடித்து, வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். அவள் உயிர் அன்றே போயிற்று.

1945 ஜனவரி 27-ந் தேதி சோவியத் படை ஆஷ்விட்சை மீட்டது. அதற்குள் அந்த முகாமில் மாண்டவர்கள் 11 லட்சம் பேர். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள்.

நண்பன் கீலார் உயிர் பிழைத்தார். நடந்ததை எல்லாம் பின்னாளில் புத்தகமாக எழுதினார். சாவதற்கு முன் எடெக் அவருக்கு ஒரு சிறு காகிதப் பொட்டலம் அனுப்பியிருந்தான். அதற்குள் மாலாவின் கூந்தல் இழையும் எடெக்கின் முடியும் இருந்தன. இருவர் பெயரும் எண்ணும் எழுதப்பட்டிருந்தன. கீலார் அதைப் பத்திரமாகக் காப்பாற்றினார். இப்போது அது ஆஷ்விட்ஸ் காட்சிசாலையில் இருக்கிறது.

11-ம் கட்டிடத்தின் சுவரில் எடெக் கீறிய எழுத்துகளும் அழியவில்லை. அவன் பெயர், 531. அவள் பெயர், 19880. அருகே, இருவரும் பிடிபட்ட தேதி. பெயரே கூடாது என்ற இடத்தில், அவன் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறான்.